அடித்த தகட்டை ஆற்ற வேண்டும்



இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புவது, திருவெண்ணெய்நல்லூர்க் கடைத்தெருவை ஒட்டிய ஒரு டிங்கரிங் பட்டறையில் நான் கற்றுக்கொண்ட பாடம். அதைச் சொல்வதற்கு முன் என் தவறு ஒன்றை அறிக்கையிட வேண்டியிருக்கிறது. சம்பந்தப்பட்ட வாலிபனிடம் அனுமதி பெற்றே எழுதுகிறேன். அவன் யார், எந்தக் குடும்பம் என்று ஒருவரும் விசாரிக்க வேண்டாம் என அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற ஆண்டின் தொடக்கத்தில் தகப்பனார் ஒருவர் தம் மகனை என் வீட்டுக்கு அழைத்து வந்தார். மகன் பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தவன். பல பாடங்களில் தேர்ச்சி பெறாமல், இனிக் கல்லூரிக்குப் போவதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டான். "நீங்கள் சொன்னால் கேட்பான், ஐயா, நாலு வார்த்தை புத்தி சொல்லுங்கள்" என்றார் தகப்பனார். நான் நாலு வார்த்தையோடு நிற்கவில்லை. ஏறக்குறைய ஒரு மணிநேரம் பேசினேன். பெற்றோர் வாங்கிய கடனைச் சொன்னேன். தாலந்தைப் புதைத்த ஊழியக்காரனைச் சொன்னேன். அவனோடு படித்தவர்கள் இன்று இருக்கும் நிலையையும் சொன்னேன். அவன் தரையைப் பார்த்தபடி எல்லாவற்றுக்கும் "சரிங்க ஐயா" என்றான். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மூப்பர் இருவர் அவனை வாசலில் நிறுத்தி மறுபடியும் பேசினார்கள். வீட்டில் உறவினர் ஒவ்வொருவரும் தம் பங்குக்குப் பேசினார்கள். அதற்கடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. பிறகு எட்டு மாதங்கள் அவனை நான் பார்க்கவே இல்லை.

பார்க்காமல் இருந்தேன் என்பதைவிட, தேடிப் போகாமல் இருந்தேன் என்பதே உண்மை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், கேட்காதது அவன் குற்றம் என்று என் மனதுக்கு நானே சமாதானம் கூறிக்கொண்டேன்.

கரும்பு லாரிகள் பெரியசெவலை ஆலையை நோக்கி வரிசையாகப் போகும் பருவத்தில், என் பழைய மோட்டார் சைக்கிளின் பின்பக்க மட்கார்டு துருவேறி விரிந்துவிட்டது. அந்த வண்டிக்கு உதிரிபாகம் இப்போது வருவதில்லை. தகட்டிலிருந்தே புதிதாக அடித்துத் தருகிற பெரியவர் ஒருவர் நம் ஊரில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். கீற்றுக் கொட்டகையின் கீழ், மணல் நிரப்பிய தோல் மூட்டையின்மேல் ஓர் அலுமினியத் தகட்டை வைத்து, மரக் கொட்டாப்புளியால் அடித்துக்கொண்டிருந்தவன் அந்த வாலிபன்.

எங்கள் இருவருக்கும் ஒரு கணம் பேச்சு வரவில்லை. பெரியவர்தான் ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டார். "உங்க வேலை சாயந்திரம்தான் ஐயா. இத முடிச்சிட்டுத் தொடறேன்" என்றார். ஆகவே பிற்பகல் முழுவதும் அங்கேயே உட்கார்ந்து பார்க்க நேர்ந்தது. நானாகத் தேடிப்போகாத இடத்தில் கர்த்தர் என்னை உட்கார வைத்தார் என்றே இன்று நினைக்கிறேன்.

அவர்கள் செய்துகொண்டிருந்தது ஒரு பழைய புல்லட் வண்டிக்கான இருக்கையின் பின்புறக் கூடு. வண்டியின் சொந்தக்காரர் தம் மனதுக்குப் பிடித்த வடிவத்தைத் தாளில் வரைந்து கொடுத்திருந்தார். தொழிற்சாலையில் இத்தகைய பாகங்களைப் பெரும்பாலும் அச்சில் வைத்து இயந்திரத்தால் அழுத்துவார்கள். ஒரே அச்சில் ஆயிரக்கணக்கான பாகங்கள் ஒன்றுபோல் வந்து விழும். ஒரே ஒரு வண்டிக்கு ஒரே ஒரு கூடு வேண்டுமென்றால் அச்சு கட்டுபடியாகாது. கைதான் அச்சு. முதலில் அட்டையில் வடிவம் வெட்டி வண்டியின்மேல் பொருத்திப் பார்த்தார்கள். பிறகு 16 கேஜ் அலுமினியத் தகட்டில், அதாவது ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர் கனமுள்ளதில், கோடு போட்டுக் கத்தரியால் வெட்டினார்கள். குழிய வேண்டிய இடத்தை மணல் மூட்டைமேல் வைத்து அடித்தார்கள். அடி விழும் இடத்தில் தகடு விரிந்து மெலிகிறது. ஓரங்கள் சுருங்கி மடிப்பு விழுகின்றன. அந்த மடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறவிடாமல் மெல்லத் தட்டி உள்ளே அமிழ்த்த வேண்டும். நடுவை விரிக்கவும் ஓரத்தைச் சுருக்கவும் தெரிந்தவனுக்கே தட்டைத் தகடு கிண்ணமாக வளைந்து கொடுக்கும்.

சிறிது நேரத்தில் அடியின் ஓசை மாறிற்று. முதலில் மந்தமாகக் கேட்ட ஒலி கணீரென்று கேட்கத் தொடங்கியது; கொட்டாப்புளி தகட்டில் பட்டுத் துள்ளியது. வாலிபன் இன்னும் ஓங்கி அடித்தான். வேறொரு வேலையில் குனிந்திருந்த பெரியவர் தலை நிமிராமலே, "போதும், நிறுத்து. தகடு இறுகிப்போச்சு. இனிமே அடிச்சா கிழிஞ்சிடும்" என்றார்.

அவன் தகட்டைத் திருப்பி, துணி துவைக்கும் சோப்புக் கட்டியை அதன்மேல் நன்றாகத் தேய்த்தான். கேஸ் விளக்கின் சுடரை ஓரிடத்தில் நிறுத்தாமல் தகடு முழுவதும் மெதுவாக நடத்தினான். சோப்புப் பூச்சு மஞ்சளாகி, பழுப்பாகி, கறுத்தது. கறுத்தவுடன் சுடரை விலக்கிவிட்டான். தகட்டை ஓரமாக வைத்துவிட்டு இருவரும் டீ குடிக்க எழுந்தார்கள். திரும்பி வந்ததும் பெரியவர் அந்தத் தகட்டை என் கையில் கொடுத்து, "வளைச்சுப் பாருங்க ஐயா" என்றார். சற்று முன் கம்பிச்சுருள்போல் எதிர்த்து நின்ற தகடு, என் விரலுக்குக் காய்ந்த தோல்போல் வளைந்து கொடுத்தது.

"இதற்கு அனீலிங் என்று பெயர், ஐயா" என்றான் வாலிபன். அன்று அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. "கல்லூரியில் இதைப் பற்றிப் பரீட்சையில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். என்னவென்று தெரிந்தது இங்கேதான்."

அவன் எனக்கு விளக்கியதை என்னால் இயன்ற அளவில் உங்களுக்குச் சொல்கிறேன். உலோகம் என்பது கண்ணுக்குத் தெரியாத சிறுசிறு படிகங்களின் கூட்டம். படிகங்களுக்குள் அணுக்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அடி விழும்போது அந்த அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி இடம் கொடுக்கின்றன. அதனால்தான் உலோகம் உடையாமல் வளைகிறது. ஆனால் ஒவ்வோர் அடியும் உள்ளே சில சிக்கல்களை விட்டுச்செல்கிறது. சிக்கல்கள் பெருகப் பெருக, அடுக்குகள் நகர இடமில்லாமல் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. தகடு இறுகுகிறது. வெளிப்பார்வைக்கு அது உறுதியாகத் தோன்றும். அடுத்த அடிக்கு இடம் கொடுக்க உள்ளே வழியில்லாததால் ஒரு நாள் ஓரத்தில் மயிரிழை போன்ற விரிசல் விடும். போதுமான அளவு சூடேற்றினால், சிக்கலுண்ட பழைய படிகங்களின் இடத்தில் புதிய படிகங்கள் பிறக்கின்றன. தகடு தான் பெற்ற வடிவத்தை இழப்பதில்லை. தனக்குள் சேர்ந்திருந்த இறுக்கத்தை மட்டும் இழக்கிறது.

சோப்பு எதற்கு என்று கேட்டேன். இரும்பும் செம்பும் சூடேறும்போது சிவந்து தங்கள் நிலையைக் காட்டிவிடும். அலுமினியம் அப்படிக் காட்டாது. பட்டறைக்காரன் கண்ணுக்கு நிறம் மாறாமலே இருந்து, ஏறத்தாழ 660 டிகிரி செல்சியஸை எட்டியதும் திடீரென்று உருகிக் கொட்டிவிடும். ஆற்றுவதற்குத் தேவைப்படும் சூடோ சுமார் 350 முதல் 400 டிகிரிதான். கண்ணுக்குத் தெரியாத அந்த அளவைச் சோப்பின் கறுப்பு ஓரளவு காட்டிக்கொடுக்கிறது. மற்ற உலோகங்களுக்கு வேறு முறைகள் உண்டு. செம்பை மங்கிய சிவப்பாகும்வரை காய்ச்சி உடனே தண்ணீரில் போட்டாலும் அது மென்மையாகவே இருக்கும். உருக்கை அப்படித் தண்ணீரில் போட்டால் முன்னிலும் கடினமாகிவிடும். அதைச் சாம்பலில் புதைத்து நிதானமாக ஆறவிட வேண்டும். எல்லாம் உலோகந்தான். ஆனாலும் ஒன்றை ஆற்றுகிற விதம் மற்றொன்றைக் கெடுக்கும்.

அந்தக் கூடு முடியும் முன் மூன்று முறை அதைக் காய்ச்சி ஆற்றினார்கள். நான் என் வீட்டில் அந்த வாலிபனோடு பேசிய ஒரு மணிநேரத்தை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்பானவர்களே, பிரசங்க பீடத்திலிருந்து நாங்கள் நெருப்பைப் பற்றி அதிகம் பேசுகிறோம். பாடுபடுகிற விசுவாசியிடம், "கர்த்தர் உன்னைப் புடமிடுகிறார்" என்று சொல்கிறோம். அது வேதம் சொல்லும் சத்தியமே. மல்கியாவும் பேதுருவும் அந்த உருவகத்தைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் எங்களுக்குத் தெரிந்தது அந்த ஒரு நெருப்பு மட்டுமே என்று ஆகிவிட்டது. பொன்னை உருக்கிக் கசடு நீக்கும் நெருப்பு வேறு. அடிபட்ட தகட்டை ஆற்றும் அனல் வேறு. பட்டறையில் உபத்திரவம் என்பது அடிதான். அனலோ அந்த அடியின் வேதனையைத் தீர்க்க வருகிறது. வாழ்க்கையில் ஏற்கெனவே அடிபட்டு இறுகியிருக்கிற ஒருவனிடம் போய் மேலும் ஒரு புத்திமதியை இறக்கிவிட்டு, அதற்குப் புடமிடுதல் என்று பெயர் சூட்டுவது ஊழியம் ஆகாது என்பது இப்போது என் உறுதியான கருத்து.

வேதாகமத்தில் கர்த்தர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பாருங்கள். எலியா யேசபேலுக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழ் விழுந்து, சாவை விரும்பிக் கேட்டபோது, தேவதூதன் அவனுக்கு உபதேசம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் செய்தான். நாற்பது நாள் நடந்து ஓரேபை அடைந்த பின்புதான், இங்கே உனக்கு என்ன காரியம் என்ற கேள்வி வந்தது. மூன்று தரம் மறுதலித்த பேதுருவை உயிர்த்தெழுந்த ஆண்டவர் சந்தித்தபோதும் கரையில் கரிநெருப்பு மூட்டப்பட்டிருந்தது. அதன்மேல் மீனும், அப்பமும் இருந்தன. அவர்கள் போஜனம்பண்ணின பின்பே, அன்பைப் பற்றிய அந்தக் கடினமான கேள்வி மூன்று தரம் கேட்கப்பட்டது. இரண்டு இடங்களிலும் தழல் இருக்கிறது. இரண்டிலும் அது உணவு சமைக்கவே பயன்பட்டது. யோபுவின் சிநேகிதரைப் பாருங்கள். ஏழு நாள் அவனோடு தரையில் மௌனமாக உட்கார்ந்திருந்தவரை அவர்கள் நல்ல சிநேகிதராயிருந்தார்கள். வாய் திறந்த பின்புதான் சுத்தியலானார்கள்.

"அப்படியானால் கண்டிப்பே வேண்டாமா, ஐயா?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். பெற்றோரின் கவலை எனக்குப் புரிகிறது. இதற்கும் அந்தப் பட்டறையிலேயே பதில் இருந்தது. அளவுக்கு மீறிச் சூடேற்றினால் படிகங்கள் பருத்துவிடும். அப்படிப்பட்ட தகட்டை வளைத்தால் மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல்போல் சொரசொரப்பாகிவிடும். இன்னும் மீறினால் ஓட்டையே விழும். செல்லம் கொடுத்துக் கெடுப்பதும் கெடுப்பதுதான். மேலும், ஆற்றிய தகட்டை அப்படியே வண்டியில் மாட்டிவிடுவதில்லை. வடிவம் முழுமையானதும், மெருகேற்றிய இரும்புக் குமிழின்மேல் தகட்டை வைத்து, வழவழப்பான சுத்தியலால் சிறுசிறு அடிகளாக, ஒரு விரற்கடையும் விடாமல் தட்டிச் சமனாக்குகிறார்கள். அந்த அடிகளினால் வரும் அளவான இறுக்கமே சாலையின் அதிர்வைத் தாங்கும் பலத்தைப் பாகத்துக்குத் தருகிறது. ஆகவே அடி தேவை. ஆனால் எந்த நேரத்தில், எந்த இடத்தில், எவ்வளவு என்பதைத் தகட்டின் ஓசையைக் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும். அன்று என் வீட்டில் நான் ஓசை கேட்கவில்லை. அந்தத் தாழ்ந்த தலையும் "சரிங்க ஐயா"வும் பணிவு என்று எண்ணினேன். அது இறுகிப்போன தகட்டின் ஒலி.

இன்னொரு காரியத்தையும் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். அந்த வாலிபன் பட்டறைக்குப் போவதைக் கேள்விப்பட்டபோது நம் சபையில் சிலர், "இன்ஜினியராக வேண்டியவன் டிங்கராகிவிட்டான்" என்று பரிதாபப்பட்டார்களாம். கைத்தொழிலை இழிவாக எண்ணும் இந்தப் பழக்கத்தை நாம் வேதத்திலிருந்து கற்கவில்லை. ஆசரிப்புக் கூடாரத்தின் வேலைக்காகப் பெசலெயேலைப் பேர்சொல்லி அழைத்து, தேவ ஆவியினால் நிரப்பியதாக யாத்திராகமம் 31-ஆம் அதிகாரம் கூறுகிறது. அவன் ஆசாரியனல்ல, பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்தவன். குத்துவிளக்கு ஒரு தாலந்துப் பொன்னில் அடிப்பு வேலையாகச் செய்யப்பட்டது. சபையைக் கூட்டும் இரண்டு வெள்ளிப் பூரிகைகளும் அடிப்பு வேலையே. வெள்ளியும் அடிக்க அடிக்க இறுகும் உலோகம். நம் ஊர்த் தட்டார்கள் இன்றும் அதை இடையிடையே காய்ச்சித்தான் அடிக்கிறார்கள். இஸ்ரவேல் ஜனங்களைக் கூட்டிய அந்த ஓசைக்குப் பின்னால், பெயர் தெரியாத ஒருவனுடைய பட்டறை அனலும் இருந்திருக்கும்.

நம் தேசத்திலும் இந்த வேலைக்கு நீண்ட மரபு உண்டு. செம்பையும் பித்தளையையும் தட்டிக் குடமும் தவலையும் ஆக்கிய கன்னார் நம் தமிழ்நாட்டில் பல ஊர்களில் வாழ்ந்தார்கள். பஞ்சாபில் ஜண்டியாலா குரு என்னும் ஊரில் தட்டேரா மக்கள் தகட்டைக் காய்ச்சிக் காய்ச்சி அடித்துப் பாத்திரம் செய்யும் கலையை யுனெஸ்கோ 2014-இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு நிறுவனம் தொடங்கியது முதல் நம் மாநிலத்தில் புல்லட் வண்டி உருவாகிறது. அதன் பெட்ரோல் டேங்கின்மேல் ஓடும் மெல்லிய பொற்கோடுகளை நடுங்காத கையால் தீட்டும் கலைஞர்கள் சென்னையில் இருக்கிறார்கள். தொழிற்பயிற்சி நிலையங்களில் தகட்டு வேலை தனிப் பிரிவாகவே கற்பிக்கப்படுகிறது. இதைக் கற்கும் பிள்ளைக்காக வெட்கப்பட ஒரு காரணமும் இல்லை.

வாலிபருக்கும் ஒரு வார்த்தை. கைத்திறன் நேர்மையோடு சேர்ந்தே மதிப்புப் பெறுகிறது. வாகனம் பதிவானபடியே இருக்க வேண்டும், அடிப்படை அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. விதிக்கு மாறான ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. நோயாளியையும் குழந்தையையும் திடுக்கிடச் செய்யும் சைலன்சரைப் பொருத்தித் தரும்படி யார் கேட்டாலும் "மாட்டேன்" என்று சொல்ல அந்தப் பெரியவருக்குத் தெரிகிறது. என் கண்முன்னே ஒருவரைத் திருப்பி அனுப்பினார். அந்த வருமானத்தை இழக்க அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

மாலையில் என் மட்கார்டு தயாரானதும் நான் அந்த வாலிபனைத் தனியே அழைத்து, "தம்பி, அன்று நான் உன்னோடு பேசிய விதம் தவறு. என்னை மன்னித்துக்கொள்" என்றேன். அவன் சற்று நேரம் கையிலிருந்த கரியைத் துடைத்துக்கொண்டிருந்தான். பிறகு, "நீங்கள் சொன்னதில் தப்பில்லை ஐயா. அன்றைக்கு எனக்குக் கேட்க முடியவில்லை" என்றான். கதை இங்கே இனிதாக முடிந்தது என்று எழுத எனக்கு விருப்பம்தான். ஆனால் அவன் இன்னும் ஒழுங்காக ஆராதனைக்கு வருவதில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதத்துக்கு முன்பே எழுந்து போய்விடுகிறான். அவனுடைய தகப்பனார் இதுவரை பட்டறைப் பக்கம் போனதில்லை. ஆறுவதற்கும் காலம் வேண்டும். உருக்கைச் சாம்பலில் புதைத்தவன் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தோண்டிப் பார்ப்பதில்லை.

ஆகவே உங்களிடம் மூன்று விண்ணப்பங்கள். முதலாவது, தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில், மதிப்பெண் குறைந்த பிள்ளை இருக்கும் வீட்டுக்குப் புத்தி சொல்லப் போகாதீர்கள். போவதானால் சாப்பாடு எடுத்துக்கொண்டு போங்கள். கம்பரை ஆதரித்த சடையப்ப வள்ளலின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படும் ஊர் இது. பசித்தவனுக்கு முதலில் என்ன தேவை என்பதை நமக்கு ஒருவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இரண்டாவது, ஆராதனை முடிந்து வாசலில் வைத்து யாரையும் கண்டிக்கிற வழக்கத்தை மூப்பர்களும் நானும் விட்டுவிடுவோம். என் பங்குக்கு, சோர்ந்துபோன ஒருவரை முதன்முறை சந்திக்கும்போது ஆலோசனை சொல்வதில்லை, கேட்பதோடு நிறுத்திக்கொள்வது என்று தீர்மானித்திருக்கிறேன். நான் மறந்தால் நினைவூட்டுங்கள். மூன்றாவது, பட்டறையில், வயலில், தையல் இயந்திரத்தின் முன் வேலை செய்யும் நம் பிள்ளைகளை அவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே போய்ப் பாருங்கள். அந்தத் தகப்பனார் இதைப் படிப்பார் என்று எனக்குத் தெரியும். ஐயா, ஒரு பிற்பகல் போய் அந்தப் பெஞ்சில் உட்காருங்கள். ஒன்றும் பேச வேண்டாம். உங்கள் மகனுடைய கை என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

அடிக்கத் தெரிந்த எங்களுக்கு நிறுத்தவும் தெரியும்படி கிருபை செய்யும், ஆண்டவரே. இறுகிப்போனவர்கள் அருகே கரிநெருப்பு மூட்டி அமைதியாய்க் காத்திருக்க எங்களுக்குக் கற்பித்தருளும். ஆமென்.